யானைப் பறவையின் முட்டை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது யானைப் பறவை. மடகாஸ்கர் தீவில் எப்போதோ வாழ்ந்து அழிந்துபோன, பறக்கத் தெரியாத, ஆளைவிட உயரமான பறவை. ஐந்தாம் வகுப்பு வாண்டால் அத்தனை பெரியதைச் செய்ய முடியாது என்று டீச்சர் என்னை முட்டையோடு விட்டுவிட்டார். அரைக்குடம் தண்ணீர் பிடிக்கும் முட்டை. அதை இரண்டாக அறுத்து உள்ளே ஒரு பஞ்சுக் குஞ்சை வைத்தால் முதல் பரிசு நிச்சயம் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

போத்தனூரில் எங்கள் வீட்டில் அப்போது அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. தலைப்பிரசவத்துக்குக் கோபியிலிருந்து வந்தவள், வயிற்றில் தையலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையாகத் திரும்பியிருந்தாள். "பாப்பா வரல கண்ணு. அத்தைகிட்ட ஒண்ணுங் கேக்காதே" என்றாள் அம்மா. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத விருந்தாளிகள் இல்லையா, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரைப் பார்த்தே படுத்திருந்த அத்தை, பலூனை ஊதி அதன்மேல் காகிதம் ஒட்ட நான் திண்டாடுவதைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"காயிதம் நிக்காது அம்மணி" என்று தன் பையைத் திறந்தாள். பழைய வேட்டிகளைத் துவைத்துச் சதுரமாகக் கிழித்து அடுக்கிய துணிகள். ஒவ்வொன்றாக மைதாப் பசையில் நனைத்து, சுருக்கம் விழாமல் நீவி நீவி ஒட்டினாள். காய்ந்ததும் முட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது.

அறுப்பதற்கு அப்பா பிளேடோடு வந்தபோது அத்தை அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அறுக்க வேண்டாங்கண்ணா."

"புள்ளைக்குப் பரிசு போயிரும் அம்மணி."

"போனாப் போகட்டுங்க. அறுத்து என்னத்தக் கண்டோம்?"

அப்பா பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டார். நான் புரண்டு புரண்டு அழுதேன். கண்காட்சியில் முழு முட்டையை யாரும் சீந்தவில்லை. அதற்காக அத்தையோடு பேசாமலே இருந்தேன்.

தையல் ஆறியதும் அவளைப் பஸ் ஏற்றிவிட அப்பாவோடு போனேன். முட்டையைக் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் அதை மேலே வைக்கச் சொன்னார்.

"வேண்டாங்க, ஒடஞ்சுபோகும்" என்றாள்.

அத்தனை அடுக்குத் துணி, கீழே போட்டாலும் உடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

பிள்ளை பிறக்கும் முன்னால் புதுத்துணி எடுக்கமாட்டார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து எனக்கு மாதம் நெருங்கியபோது, அப்பாவின் பழைய வேட்டியை அம்மா சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கினாள். பார்த்துக்கொண்டே இருந்த நான் ஓவென்று அழுதேன். வலி எடுத்துவிட்டதென்று நினைத்து அம்மா ஆட்டோ கூப்பிட ஓடினாள்.