பூட்டிய திரிக்கு வந்த பதில்

நெல் விவசாயிகளுக்கான இணைய மன்றம் ஒன்றில் நான் ஒன்பது வருடமாக மட்டுறுத்துனர். வேண்டாத பதிவுகளை நீக்குவது, சண்டை வந்தால் விலக்கி விடுவது, தெரிந்த கேள்விக்குப் பதில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. விவசாயம் படித்துவிட்டு பூதலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். படித்த படிப்பு வீணாகிவிடக் கூடாதே என்று மனசுக்குள் இருந்த உறுத்தலுக்கு அந்த மன்றம்தான் மருந்தாக இருந்தது. அதைத் தொடங்கியவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நேரில் பார்த்தது நான்கைந்து தடவை இருக்கும்.

மன்றத்தில் ஒருவர் கேள்வி போட்டால் அதற்குக் கீழே பதில்கள் வரிசையாக வரும். அந்த வரிசையைத் திரி என்போம். நெடுநாள் யாரும் எழுதாமல் கிடக்கும் பழைய திரிகளைப் பூட்டிவிட வேண்டும், யாரும் படிக்கலாம், ஆனால் புதிதாக எழுத முடியாது என்று வைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். சும்மா பிடிக்கவில்லை.

ஒரு மார்கழி மாதக் காலையில் ஒரத்தநாடு பக்கமிருந்து ஒருவர் போன் செய்தார். மன்றத்தில் என் எண் மட்டுறுத்துனர்கள் பக்கத்தில் இருந்தது.

"அம்மா, இலைச்சுருட்டுப் புழுவுக்கு நீங்க ஒரு மருந்து எழுதியிருந்தீங்கள்ல, அதை அடிச்சேன். இப்ப வயல் நடுவுல வட்டம் வட்டமா கருகுது. வந்து பார்க்க முடியுமாங்க?"

எந்த மருந்து என்றே எனக்கு ஞாபகமில்லை. தேடிப் பார்த்தேன். மன்றத்தில் சேர்ந்த முதல் வருடம், படிப்பு முடித்த சூட்டில், நான் எழுதிய பதில் அது. அந்த மருந்து புழுவைக் கொல்லும், உண்மைதான். கூடவே வயலில் இருக்கும் சிலந்திகளையும் கொன்றுவிடும். சிலந்தி போய்விட்டால் புகையான் பூச்சி கட்டுக்கடங்காமல் பெருகி நெல் தூரிலேயே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிடும். இது எனக்கு இரண்டு மூன்று வருடம் கழித்துத் தெரிந்தது. அதற்குப் பிறகு வேறு திரிகளில் எச்சரித்தும் எழுதியிருக்கிறேன். முதலில் எழுதிய இடத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்த வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

என் வீட்டுக்காரர் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். போன் செய்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வரப்பில் எங்களுக்கு முன்னால் நடந்தார். வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடித்துத் தட்டினார். பழுப்பு நிறத்தில் பூச்சிகள் தண்ணீரில் பொலபொலவென்று விழுந்தன. சுற்றிலும் கதிர் வாங்கப்போகும் பச்சை, நடுவில் தீ வைத்தாற்போலக் காய்ந்த வட்டங்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "படிச்சவங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு அடிச்சேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். வீட்டில் மோர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பழைய திரியெல்லாம் பூட்டிடுங்கண்ணே. அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை இன்னைக்கு எழுதினதுன்னு நெனச்சு ஜனங்க மருந்து அடிக்கிறாங்க."

"பூட்டினா மட்டும் படிக்க மாட்டாங்களா தங்கச்சி?"

"பூட்டு தெரியும்ல. இது பழசு, முடிஞ்சு போச்சுன்னு புரியும்."

ஒரு வருடம் யாரும் எழுதாவிட்டால் தானாகவே பூட்டிக்கொள்ளும் வசதி மென்பொருளிலேயே இருப்பதாக அண்ணன் சொன்னார். "ஆனா நம்ம தொழிலுக்கு ஒரு வருஷம்ங்கிறது ஒரு சம்பாப் போகம்தானே. அதுக்குள்ள ஒரு விஷயம் முடிஞ்சிருமா?" என்று கேட்டார். கருகிய வட்டங்களைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதையே அனுப்பினேன். மறுநாள் அந்த வசதியை இயக்கிவிட்டார். ஆயிரக்கணக்கான திரிகளின் ஓரத்தில் சின்னதாகப் பூட்டுப் படம் வந்தது. எனக்கு மனசு லேசானது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதற்கு அடுத்த வருடம் மாசி மாதம், அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், மன்றத்திலிருந்து எனக்கு ஒரு புகார் அறிவிப்பு வந்தது. யாராவது ஆபாசமாகவோ அவதூறாகவோ எழுதினால் அந்தப் பதிவுக்குக் கீழே புகார் என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் திறக்கும். அப்படி வந்த புகார். ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று அலட்சியமாகத் திறந்தேன்.

"இது என் வீட்டுக்காரர் எழுதினது. அவரு தவறிட்டாரு. இந்த வருஷம் நெல்லு விளைஞ்சிருச்சு. இதை எங்க எழுதறதுன்னு தெரியல. இந்தக் கட்டம் மட்டும்தான் தொறக்குது."

அவ்வளவுதான். எந்தப் பதிவின் மேல் புகார் என்று பார்த்தேன். வேதாரண்யம் பக்கத்து விவசாயி ஒருவர் தொடங்கிய திரி. புயலில் கடல் ஊருக்குள் புகுந்து வடிந்த வருடத்தில் எழுதியிருந்தார்: "கடத்தண்ணி வயல்ல ஏறி ரெண்டு நாள் நின்னு வடிஞ்சுது. இனிமே எப்ப நெல்லு விளையும்?"

நான்தான் நீளமாகப் பதில் எழுதியிருந்தேன். மண்ணைச் சோதித்துப் பாருங்கள், மழைத் தண்ணீரைத் தேக்கி வடியுங்கள், தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து மடக்கி உழுங்கள், உப்பைத் தாங்கும் ரகமாகப் போடுங்கள் என்று பாடப்புத்தகம் மாதிரி ஒரு பதில். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை வந்து எழுதினார்.

முதல் வருடம்: "முளைச்சுது. ஒரு சாண் வந்ததும் நுனி கருகிடுச்சு."

இரண்டாம் வருடம்: "கதிர் வந்துச்சு. பால் பிடிக்கல. எல்லாம் பதரு."

மூன்றாம் வருடம்: "இந்தத் தடவை விதைக்கல. உடம்புக்கு முடியல. அடுத்த வருஷம் எழுதறேன்."

அதற்குக் கீழே நான், "சீக்கிரம் குணமாகி வாங்க" என்று எழுதியிருந்தேன். அதோடு சரி. பிறகு அவரை நான் நினைக்கவே இல்லை. எங்கேயாவது வேலைக்குப் போயிருப்பார், வயலைத் தரிசாகப் போட்டிருப்பார் என்று ஒரு எண்ணம். திரி ஒரு வருடம் அசையாமல் கிடந்தது, மென்பொருள் பூட்டிவிட்டது.

மண் சோதனைக்காக முன்பு அவர் தனிமடலில் அனுப்பியிருந்த எண் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"நான் நெல் மன்றத்துலேர்ந்து பேசறேங்க. நீங்க எழுதினது வந்துச்சு."

"தப்பா ஏதாவது அமுக்கிட்டேனாங்க?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"இல்லைங்க, தப்பு உங்க மேல இல்ல. பழைய திரின்னு பூட்டி வச்சிருக்கோம். புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு எழுதியிருக்கலாமே?"

"கேள்வியை அங்கதானேங்க கேட்டாரு? பதில் வேற எங்கயோ கெடந்தா யாரு ரெண்டையும் சேத்துப் படிப்பா?"

வயலைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "வாங்க, சாப்பிட்டுட்டுப் போற மாதிரி வாங்க" என்றார்.

நாகப்பட்டினம் போய் அங்கிருந்து வேறு பஸ் மாறினேன். நிறுத்தத்துக்கே வந்து நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அக்கா என்று கூப்பிட்டேன். பேசிக்கொண்டே வயலுக்கு நடந்தோம். அவருடைய வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்திருக்கிறார்கள். அவர் போன பிறகு அவருடைய போனை இவர் வைத்துக்கொண்டார். அதில் அந்தத் திரியைத் திறந்து திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார்.

"அழறதுக்காகப் படிக்கலம்மா. என்னென்ன செஞ்சாரு, எங்க தப்பாச்சுன்னு தெரியணும்ல. அதுக்குத்தான் படிச்சேன்" என்றார்.

அறுத்த தாள் நிற்கும் வயல். நல்ல அடர்த்தி, தாளைப் பார்த்தாலே தெரிந்தது. கிழக்கே ஒரு மூலை மட்டும் வெளுத்துக் கிடந்தது. "அந்த மூலை இன்னும் வரல. அதையும் எழுதணும்" என்றார்.

"எப்படிக்கா கொண்டு வந்தீங்க?"

அவர் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். "நீங்க தக்கைப்பூண்டு போடச் சொன்னீங்கள்ல, முதல் வருஷம் ரெண்டு தடவை விதைச்சோம். முளைக்கவே இல்ல. அதை அவரு எழுதல. அந்தப் பொண்ணு நமக்காக இவ்வளவு எழுதியிருக்கு, சங்கடப்படும்னுட்டாரு."

வரப்பில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டேன். இத்தனை வருடமாக அந்தத் திரியைப் படித்தவர்கள் எல்லோரும் என் பதிலைச் சரி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பொய்யாக்கிய வயல் இங்கே இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

அக்கா செய்தது இதுதான். ஒரு மழைக்காலம் முழுக்க, ஒவ்வொரு மழைக்கும் வரப்பை உயர்த்தித் தண்ணீரைக் கட்டி, மூன்று நாள் கழித்து உப்போடு வடிய வெட்டிவிட்டிருக்கிறார். "அவரு ஒரு தடவையோட விட்டுட்டாரு. நான் விடல." கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்டு மந்தை ஓட்டி வந்தவர்களை வயலில் கிடை போடச் சொல்லி, புழுக்கை வயலெங்கும் உரமாக விழும்படி மந்தையை இரவு இரவாக இடம் மாற்றிப் படுக்க வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு போட்ட தக்கைப்பூண்டு இடுப்பளவு வந்திருக்கிறது. அதை மடக்கி உழுத பிறகுதான் நெல். வரிசை முக்கியம், உப்பு குறையாமல் பூண்டு முளைக்காது. இந்த வரிசையை நான் எழுதவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அந்த இலைச்சுருட்டுப் புழுத் திரியைத் திறந்தேன். பூட்டுப் படம் இருந்தது. அதன் கீழே என் தவறான பதில், ஒரு எழுத்து மாறாமல், அப்படியே இருந்தது. இப்போது வேறொரு விவசாயி வந்து "இதை அடிக்காதீங்க, என் வயல் கருகிடுச்சு" என்று சொல்ல நினைத்தாலும் முடியாது. தப்பைத் திருத்தாமல் அதற்குக் காவல் வைத்திருக்கிறேன். வண்டி தஞ்சாவூர் வந்து சேரும் வரைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "நான் பிடிவாதம் பிடிச்சது தப்புண்ணே. பூட்டைக் கழட்டிடுங்க."

"முழுசா தப்புன்னு சொல்ல முடியாது தங்கச்சி. அந்த ஒரத்தநாட்டுக்காரர் வயல் கருகினது நிஜந்தானே?" என்றார். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தானாகப் பூட்டுவது வேண்டாம். பழைய திரி என்றால் மேலேயே எத்தனை வருடப் பழசு என்று பெரிதாகத் தெரிய வேண்டும். மருந்து பற்றிய திரிகளை மட்டும் நான் ஒவ்வொன்றாகப் படித்து, தப்பைத் தப்பு என்று தலைப்பிலேயே எழுதிவிட்டுப் பிறகு பூட்டுவது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஒரு நாளைக்கு நான்கு ஐந்துக்கு மேல் என்னால் படிக்க முடிவதில்லை. என் பதில்களே அதிகம்.

ஒரத்தநாட்டுக்காரரைக் கூப்பிட்டு, நடந்ததை நீங்களே எழுதுகிறீர்களா என்று கேட்டேன். "நான் எழுத மாட்டேம்மா, ஊர்ல நாலு பேரு பார்த்துச் சிரிப்பாங்க. நீங்களே எழுதுங்க" என்றார். எழுதினேன். அவர் யார் என்று சொல்லவில்லை, தப்பான பதிலை எழுதியது நான் என்பதை மட்டும் மறைக்கவில்லை. படித்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்று செய்தி அனுப்பினார். அதில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

வேதாரண்யம் அக்காவின் திரியைத் திறந்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் மதியம் வந்தது. வீட்டுக்காரருடைய கணக்கிலிருந்துதான் எழுதியிருந்தார், ஆனால் முதல் வரியிலேயே, "இதை எழுதறது அவரு சம்சாரம்" என்று சொல்லிவிட்டார். பிறகு எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தார். பூண்டு முளைக்காததை, வரப்பை எத்தனை தடவை வெட்டினார் என்பதை, கிடையை, விளைந்ததை, விளையாத மூலையை. தன் துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு வாரம் கழித்து அதிராம்பட்டினம் பக்கமிருந்து ஒருவர் அதன் கீழே கேட்டிருந்தார்: "எங்க வயலும் இப்படித்தான் கெடக்கு. கிடை எத்தனை நாள் போட்டீங்க?"

எனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று தட்டச்சு செய்யத் தொடங்கினேன். இரண்டு வரி அடிப்பதற்குள் அக்காவின் பதில் வந்துவிட்டது.

"எட்டு நாள். ஆனா முதல்ல மழைத் தண்ணியைக் கட்டி வடிங்க. உங்க வயலு மேடா பள்ளமா?"

நான் அடித்ததை அழித்துவிட்டு, அதிராம்பட்டினத்துக்காரர் என்ன பதில் சொல்கிறார் என்று காத்திருந்தேன்.