சோலைவரிக்காரர் கால் கழுவிய இடம்

வவுனியாவில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் சோலைவரி என்னும் வீட்டுவரியை மதிப்பிட, பட்டினசபையிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை. எந்த வீடானாலும் சப்பாத்தை வாசல் படலையடியிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவாராம்.

சீமெந்து நிலத்தைக் கண்டால் வரி ஏறும் என்று பயந்து, என் மனைவி அன்று காலையில்தான் விறாந்தை முழுவதும் சாணி மெழுகியிருந்தாள். அவர் நடுவில் வந்து நின்று, "தங்கச்சி, கால் கழுவக் கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார்.

செம்பை வாங்கி, நின்ற இடத்திலேயே ஊற்றினார். சாணி கரைந்தோட, சிவப்புச் சீமெந்து பளபளத்தது. மனைவி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"மேசன் நல்லா இழைச்சிருக்கிறான்" என்றார் அவர். "வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ, அதை வைச்சுத்தான் வரி. வாடகைக்கு வாறவன் சாணியைக் கழுவிப் பாக்கமாட்டானோ?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம் ஐயா. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

முற்றத்தில் இறங்கிக் கால் கழுவியிருக்கலாமே, ஏன் இறங்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன். வரி கூடித்தான் வந்தது. மனைவியோ, தன் வீட்டு நிலத்தைப் பட்டினசபையே மெச்சியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.