கிருபாவதி போட்ட ‘ங்க’

துடியலூரிலிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் வரும்போது கிருபாவதி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் போர்டுகளைக் கேட்பாள். பார்ப்பாள் என்று எழுத வேண்டிய இடம்தான். ஆனால் வருஷக்கணக்கில் ஒரு பம்பு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவளுக்குக் கோயம்புத்தூர் முழுக்கக் குரலால் ஆன ஊர். போர்டில் பெயர் தெரிந்ததும் அந்தக் கடைக்காரரின் குரல் அவளுக்குள் எழுந்து, “சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடும். சில நாள் அவள் இறங்க வேண்டிய ஸ்டாப்பும் அதோடு போய்விடும்.

தூக்கத்திலும் யாருக்கோ லைன் கொடுக்கிறாள் என்பது அவள் வீட்டுக்காரர் பாக்கியசாமியின் புகார். “எனக்குத்தான் எப்பவும் எங்கேஜ்டு” என்பார்.

தொண்ணூற்றெட்டில் கம்பெனி முதலாளி கோவிந்தராஜுலுவின் மகன் வம்சிக்கு ஒரு யோசனை வந்தது. ஊரிலுள்ள கடை, பட்டறை, மில் எல்லாவற்றின் பெயரையும் நம்பரையும் இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவது. அமெரிக்காவில் இருப்பவன் காந்திபுரத்தில் கிரைண்டர் எங்கே கிடைக்கும் என்று தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அவன் எதற்குத் தட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இன்டர்நெட் என்றால் கேட்கக் கூடாது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோவிந்தராஜுலு மட்டும் கேட்டார். “மோட்டாரைப் போட்டா தண்ணி வருது. இதைப் போட்டா என்னடா வரும்?”

“போட்டுக் காட்டறேன்பா” என்றான் மகன். அதனால் தவணை கொடுத்தார். சனிக்கிழமை வந்து பார்ப்பார். பிடித்தால் நடக்கட்டும். பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டர் குடோன் கணக்குக்கு, இதற்கென்று மகன் கூட்டிக்கொண்ட கிருபாவதி பழையபடி போனுக்கு.

காந்திபுரத்தில் கம்பெனி ஷோரூமுக்கு மேலே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், கிணுகிணுவென்று முனகும் மோடம். அந்த அறையை விட்டுப் போக கிருபாவதிக்கு மனசே இல்லை. பழைய வேலையில் குரல்கள் காதுக்குள் வந்து அந்தப் பக்கம் போய்விடும், ஒன்றும் தங்காது. இங்கே எக்ஸெல்லில் ஆளுக்கொரு கட்டம். ஒரு குரலைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தால் மறுநாளும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. மத்தியான வெயிலில் ஃபேன் சுற்ற, அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு ஷட்டர் திறந்து, உள்ளே ஊதுபத்தி புகைவது போலிருக்கும்.

போன் பண்ணிப் பெயர் கேட்பதும் அவள்தான், ஆங்கிலத்தில் அடிப்பதும் அவள்தான். காதில் விழுந்ததை அப்படியே கையில் விட்டாள். “பேருங்க?” என்று கேட்டால் நம் ஊரில் யார் வெறும் பெயரைச் சொல்கிறார்கள்? “கோபாலசாமிங்க.” “கலீல் ரஹ்மானுங்க.” “மாரியாத்தாளுங்க.” எல்லாம் கடைசியில் என், ஜி, ஏ என்ற மூன்று எழுத்தோடு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன.

சனிக்கிழமை காலையில் வம்சி அந்தப் பட்டியலை வெப்சைட்டுக்குள் ஏற்றி, ப்ரிவியூவைத் திறந்தான். ப்ரிவியூ என்பது ஊர் பார்ப்பதற்கு முன்னால் நாம் மட்டும் பார்த்துக்கொள்வது. மருதமலையிலிருந்து பனி விலகுவது போல, பக்கம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. கிருபாவதி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது, எல்லாரு பேருக்கும் பின்னாடி வாலு மாதிரி?”

“அப்படித்தானுங்க சொன்னாங்க.”

“அமெரிக்காக்காரன் பார்த்தா பட்டிக்காடும்பான். இந்த ‘ங்க’ எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க.”

“இப்ப நீங்க போட்டதையுமுங்களா, தம்பி?”

வம்சிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “லிஸ்ட்ல இருக்கறதை மட்டும்” என்றான்.

ஒவ்வொன்றாக எடுத்தால் தீபாவளி வந்துவிடும். அந்த மூன்று எழுத்தை எங்கே கண்டாலும் அழித்துவிடு என்று எக்ஸெல்லுக்கு ஒரே கட்டளை போட்டாள். மரியாதை எங்கே முடிகிறது, பெயர் எங்கே ஆரம்பிக்கிறது என்று எக்ஸெல்லுக்குத் தெரியாது. ரங்கம்மாள் பேக்கரி, ரம்மாள் பேக்கரி ஆகி லேசாகத் தள்ளாடியது. கங்கா டெய்லர்ஸ் வெறும் ‘கா’ என்று கத்தியது. சங்கனூர் எந்த மேப்பிலும் இல்லாத சனூர் ஆனது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்ரீ மங்களம் கல்யாணச் சமையல் என்ற பெயரில் நடுவே இருந்த அந்த மூன்று எழுத்து போனதும் மிச்சம் நின்றது ‘ஸ்ரீ மலம்’.

புதிய பட்டியலை ஏற்றி ப்ரிவியூவைத் திறந்தபோது, அந்தப் பெயருக்குக் கீழே நம்பரும் ‘ஆர்டரின் பேரில் செய்து தரப்படும்’ என்ற வரியும் சேர்ந்து இறங்கின.

கீழே முதலாளியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“அக்கா, அப்பா வந்துட்டாரு. ஏதாச்சும் பண்ணுங்க.”

கிருபாவதி பழைய பட்டியலைத் தனியாக ஒரு ஃபிளாப்பியில் வைத்திருந்தாள். அதைச் செருகினாள்.

“அதுல ‘ங்க’ இருக்குதேக்கா.”

“இதுல மலம் இருக்குதுங்க தம்பி.”

வம்சி அவசரமாகப் பழைய பட்டியலையே மறுபடி ஏற்றினான். கோவிந்தராஜுலு படியேறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தபோது பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டி, திரையில் விரலை வைத்து வாய்விட்டு வாசித்தார். “அய்யாசாமிங்க. பெனடிக்டுங்க. சின்னாத்தாளுங்க.” வாசிக்க வாசிக்கக் குரல் தணிந்தது. ஏதோ கல்யாண மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிடுவது போல இருந்தது. தொழிற்சாலையில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. கிருபாவதிகூட அவருக்கு லைன் கொடுத்த இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

“மிஷினுக்கு மரியாதை தெரியுதேடா” என்றார் மகனிடம்.

விரல் ‘ஜி’க்கு வந்தது. “கோபாலசாமிங்க.” எதிர்வரிசையில் பம்பு விற்கிறவர், அவருடைய ஆதிகாலப் போட்டி. அதற்கு நேர் கீழே, எழுத்து வரிசைப்படி, கோவிந்தராஜுலு. வெறும் கோவிந்தராஜுலு.

விரல் அங்கேயே நின்றது. மோடம் முனகியது.

“ஏனம்மணி, கோபாலசாமிக்கு ‘ங்க’ போட்டிருக்குது.”

“ஆமாங்க.”

“எனக்கு?”

வம்சி குறுக்கே வந்தான். “அப்பா, அந்த ‘ங்க’வே தப்புப்பா, நிஜமா பார்த்தா...”

அவன் முடித்தால் போனுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று கிருபாவதிக்குத் தெரிந்தது. “மத்தவங்களை எல்லாம் போன்ல நான் கேட்டுப் போட்டதுங்க முதலாளி. உங்க பேரை மட்டும் விசிட்டிங் கார்டைப் பார்த்துத் தம்பி போட்டாருங்க.”

கோவிந்தராஜுலு மகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “கார்டுல எங்கடா மரியாதை இருக்கும்” என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீ போட்டுப்போடு அம்மணி. வெளிய போறப்பவும் இப்படியே இருக்கோணும்.”

“வெளிய போகுதுங்களா?”

“பின்ன? ஊடு கட்டிப்போட்டுக் கதவைச் சாத்தியே வெப்பாங்களா?”

கிருபாவதி அந்தக் கட்டத்துக்குப் போய் மூன்று எழுத்தைச் சேர்த்தாள். பட்டியலை மறுபடி ஏற்றினாள். பக்கம் வெள்ளையாகி, பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரியாகத் தெளியத் தொடங்கியது. ‘ஜி’ வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கோவிந்தராஜுலு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்.