சர்வர்களைப் பிரித்த மாதங்கள்

கல்யாணமான மூன்றாம் வருடம் என் கணவர் அமெரிக்கா போனார். நானும் எங்கள் மகளும் திருப்பதியில் இருந்தோம். இருவருக்கும் ஒரே கம்பெனிதான். வாடிக்கையாளரின் சர்வர் கம்ப்யூட்டர்களை அவர் அங்கே கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டேன்.

அதுவரை ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தனித்தனியாக நுழைந்து செய்ய வேண்டும். பிறகு ஆட்டோமேஷன் கருவி ஒன்று வந்தது. சர்வர்களைக் குழுக்களாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால், ஒரே கட்டளை குழு முழுவதிலும் நடந்துவிடும். பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சர்வர்களின் பெயர்களோ வெறும் எழுத்தும் எண்ணும். எது டேட்டாபேஸ், எது சோதனைக்கானது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அவருக்கு விடியும் நேரம் எனக்குச் சாயங்காலம். ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் கேட்பேன்.

"இதை எதுல சேர்க்கறது?"

"வேலையைப் பார்த்தா டேட்டாபேஸ். இடத்தைப் பார்த்தா சிகாகோ. ரெண்டுலயும் போடு, டூல் ஒத்துக்கும்."

"அது மட்டும் ரெண்டு இடத்துலயும் இருந்துக்கினு கீது."

"பங்காருபாளையம் மாம்பழம் வந்துட்ச்சா?" என்றார்.

"வந்துட்ச்சி. பாப்பா தெனம் துன்னுது. நைனாவுக்கு ஒண்ணு எடுத்து வைன்னு சொல்லுது."

ஒரு சர்வரைப் பற்றிக் கேட்டால், அதை நிறுவிய நாளில் கொட்டிய பனியைச் சொல்வார். சமைக்கத் தெரியாமல் வாரம் முழுக்க ரொட்டி தின்றதைச் சொல்வார். அவர் அங்கே எப்படி வாழ்ந்தார் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. போனை வைத்தபின் வீட்டுக்குப் போகவே பிடிக்காது.

பிரித்து முடித்தேன். சோதனைக் குழுவில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றிலும் ஓட்டினோம். அங்கே நாள் முழுக்க நடந்த வேலை, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. மேனேஜர் கைகொடுத்துப் பாராட்டினார்.

அடுத்த மாதம் கணவர் போனில் கூப்பிட்டார். "இங்க இனிமே ஆள் வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் வந்துட்றேன்."

"என்னாலதானே?"

"உன்னாலதான். அழுவாத. எனக்கு சந்தோஷம்தான்."

அவர் வருகிறார் என்று அழுதேனா, அவர் வேலையை நானே இல்லாமல் செய்துவிட்டேன் என்று அழுதேனா, இன்றும் எனக்குத் தெரியாது.

வந்தார். திருப்பதி ஆபீஸில் அவருக்கேற்ற வேலை இல்லை. சில மாதங்களில் வேலைக்காகப் பெங்களூர் போனார். வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு வரும் பஸ் வழியில் பலமனேர் தாண்டியதும் போன் வரும். மகள் அதைப் பிடுங்கி, "நைனா, எங்க வந்துக்கினு கீற?" என்று கத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவர் பை கூடத்துக்கு வந்துவிடும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் எடுத்து பீரோவுக்குள் வைப்பேன். பஸ்ஸுக்கு நேரமானதும் அவரே நேராகப் பீரோவைத் திறந்து எடுத்துக்கொள்வார்.