திருச்சுழிக்குப் போன கூரை மடக்கும் கார்

ஐப்பசியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதுரையிலிருந்து திருச்சுழிக்குப் போனேன். கல்யாணத்துக்கு என்னை அழைத்தார்களோ இல்லையோ, என் காரைத்தான் முதலில் அழைத்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டுமாம். மாப்பிள்ளை பாண்டி, எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, விவசாயம் பார்க்கச் சொந்த ஊருக்கே திரும்பியவர். இந்தக் காரை வாங்கச் சொல்லி என்னைக் கெடுத்தவரும் அவரேதான்.

பழைய கார், செகண்ட் ஹேண்ட். ஜீப் மாதிரி உயரம், ஆனால் கதவு இரண்டுதான். தலைக்கு மேல் தகரம் கிடையாது, கெட்டியான துணிக் கூரை. பட்டனை அழுத்திப் பிடித்தால் பின்மூடி தானாகத் தூக்கிக்கொள்ளும், கூரை மடிந்து அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இருபது நொடி வேலை. தரையிலிருந்து நல்ல உயரம் என்பதால் கண்மாய்க் கரையில் ஓட்டினாலும் அடி தட்டாது. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கூரையை மூடினால் பின்னால் வருகிற லாரி தெரியாது. டிக்கியில் இரண்டு பெட்டி வைத்தால் மூன்றாவது மடியில்தான். பின்சீட்டுக்குள் நுழைகிறவருக்குக் கொஞ்சம் யோகாசனம் தெரிந்திருந்தால் நல்லது. சீட்டுக்கு அடியில் முழுக்க ஒயர். அதனால் ஒரு வருடமாக உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

காலை 8.10க்குக் கிளம்பி, காரியாபட்டியில் டீ குடித்து, 9.35க்கு அருப்புக்கோட்டை. மீட்டரில் 52 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சுழி இன்னும் 16. கூரையைத் திறந்துவிட்டேன். இரண்டு பக்கமும் வெடித்த கரிசல், நடுவே கருவேலம். வெயில் உச்சியைப் பிளந்தாலும் எனக்கு அந்த ரோடு பிடித்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்ததும் பாண்டி, விதைத்தது போக மிஞ்சிய விதைப் பையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டு, தன் வயக்காட்டுக்கு விடச் சொன்னார். காப்புக் கட்டிவிட்டால் மாப்பிள்ளை வெளியே போகக்கூடாது, அதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். வழியில் பை சாய்ந்து விதை சிதறியது. நான் கத்தினேன். அவர் காதில் அது விழவே இல்லை. நாலு ஏக்கர் மக்காச்சோளம், மழைக்கு முன்பே புழுதியில் விதைத்தது. விரலால் மண்ணைக் கிளறிக் காட்டினார்.

"போட்ட வெத போட்டபடியே கெடக்கு பாருங்கக்கா. இன்னும் நாலு நாள்ல பெய்யலைன்னா எறும்பும் மயிலும் தின்னுரும். இன்னொருக்கா வெதைக்க எனக்குத் தெம்பில்ல."

"பெய்யும் பாண்டி" என்றேன்.

நாலு மணிக்குப் பூ அலங்காரம் செய்பவர் வந்தார். கூரையைத் திறந்து கொடுத்துவிட்டு நான் பஜ்ஜி தின்னப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. திரும்பி வந்தபோது கார் முழுக்கச் செவ்வந்தி. ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

5.20க்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. மண்டபம் ஒரு கிலோமீட்டர். பாதி வழியில் வானம் கறுத்து, முதல் சொட்டு ஸ்டியரிங்கில் விழுந்தது. பட்டனை அழுத்தினேன். 'பீப்' என்றதே தவிர மூடி அசையவில்லை. பூக்காரர் சரங்களை அந்த மூடியின் இடுக்கில் விட்டுக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்.

"என்னண்ணே, மூடியப் போயி கட்டி வச்சிருக்கீங்க?"

"மாப்ள கார டாப்ப மூடிக்கிட்டா ஓட்டுவாக?" என்றார் அவர். நியாயம்தான்.

"ஏலே, குறட்டக் கொண்டாங்க, நானே வெட்டுறேன்" என்று பட்டு வேட்டியோடு பாண்டி எழுந்தார்.

"உக்காருடா! மண்டபத்து வாசல்லதான் கால ஊனணும்" என்று அவர் அம்மா அதட்டினார். அடுத்த நொடியே அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "பொண்ணு பச்சரிசி தின்னுருப்பா போல!"

மழை வலுத்தது. ஒருவரும் ஒதுங்கவில்லை. பூக்காரர் குறட்டோடு என் பக்கத்தில் வந்து, "வெட்டவாம்மா? பத்து நிமிசம் நிப்பாட்டுங்க" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். மாலை நனைய, கண்ணை மூடி, முகத்தை மழைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் பாண்டி.

"வேண்டாம்ணே. ஊர்வலம் போகட்டும்."

மிச்ச அரைக் கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம். பொய் சொல்ல மாட்டேன், முதலில் ஒவ்வொரு சொட்டும் வலித்தது. பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் நானும் தொப்பலாக நனைந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரிக் காரில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஒன்பதிலிருந்து நாலு வரை கூரையை மூடியே ஓட்டுங்கள், நான் ஓட்டியது கிறுக்குத்தனம். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். போகவர டீசல் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பின்மூடியில் யாரையும் எதையும் கட்ட விடாதீர்கள். நனைந்துவிட்டால் காருக்குள் விரித்திருக்கும் மிதியடிகளை அன்றைக்கே தூக்கிக் காயவையுங்கள். நான் சோம்பல்பட்டு ஒரு வாரம் விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் காரைக் கழுவ இறங்கியபோது பாண்டி கூப்பிட்டார்.

"அக்கா, மொளச்சிருச்சு! நாலு ஏக்கரும்!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பின்சீட்டுப் பக்கம் குனிந்தேன். மிதியடி ஓரத்தில், அன்று பை சாய்ந்த இடத்தில், இரண்டு விரல் உயரத்துக்கு வெளிர் பச்சையாக ஐந்தாறு முளை.

"இங்கயும்தான் பாண்டி" என்றேன்.