சால்வையனும் கண்ணாடியனும் தேடிப் போன கதை

போன கிழமை கல்லடியில் ஒரு கராஜில் ஸ்கூட்டிக்குப் பெட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு நின்றேன். பக்கத்தில் ஒருவர் பழைய லொறிப் பெட்டரிக்கு அசிட் விட்டுக்கொண்டிருந்தார். மூக்கைச் சுள்ளென்று பிடிக்கும் அந்த மணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேறு யாராவது என்றால் தள்ளிப் போயிருப்பார்கள். நான் கிட்டப் போனேன். எனக்கு அது சிபாயா வீட்டு மணம்.

சிபாயா காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. எங்களுக்கு ஆரையம்பதி, தமிழ் ஊர். இரண்டு ஊருக்கும் நடுவே ஓர் ஒழுங்கை. அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. அவளுடைய வாப்பா சவூதியில் இருந்து வரும்போது ஒரு சின்னக் கறுப்புவெள்ளை டிவி கொண்டுவந்திருந்தார். ஆனால் கரண்ட் என்பதை நாங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் மட்டும் பார்த்த காலம் அது. ஆகவே டிவிக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போல, ஒரு லொறிப் பெட்டரி குந்தியிருக்கும். வாப்பாதான் அதைச் சைக்கிள் கரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருவார். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம்.

சனிக்கிழமை ஒருவன் வருவான். தோளில் நீளமாக ஒரு துணி தொங்கும், பறப்பான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சால்வையன். ஞாயிற்றுக்கிழமை வருபவன் பறக்கமாட்டான், ஆனால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டினால் சுவருக்குள்ளால் பார்ப்பான். அவன் கண்ணாடியன். பேச்சு இங்கிலீசு, கீழே எழுத்து சிங்களம், பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் தமிழ். யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

குறை பெட்டரியில்தான் இருந்தது. சார்ஜ் இறங்க இறங்கப் படம் நான்கு பக்கத்தாலும் சுருங்கத் தொடங்கும். கதை சூடுபிடிக்கும் நேரத்தில் சால்வையன் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடுவான். பிறகு எலுமிச்சங்காய் அளவு. பிறகு இருட்டு. "இண்டைக்கு இவ்வளவுதான், எழும்புங்க புள்ளைகள்" என்பார் வாப்பா. ஒரு கதையின் முடிவைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சால்வையன் எதிரிகளிடம் மாட்டிக்கொண்டு நிற்கும்போது இருட்டிவிடும். வாப்பா மறுபடி சார்ஜ் போட்டு வந்து ஞாயிறு டிவியைப் போட்டால், கண்ணாடியன் காரில் எங்கேயோ விழுந்தடித்துப் போய்க்கொண்டிருப்பான். நீங்கள் என்ன நினைப்பீர்கள்? சால்வையனைக் காப்பாற்றத்தான் போகிறான் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டும் ஒரே கதை, இருவரும் கூட்டாளிமார். வீட்டில் லைட் எரியும் பிள்ளைகள் யாரும் இப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள்.

மற்ற நாட்களில் விட்ட இடத்தில் இருந்து கதையை நானும் சிபாயாவும் ஒழுங்கையில் நின்று கொண்டு ஓட்டுவோம். சால்வையனுக்கு அவள் பேசுவாள், கண்ணாடியனுக்கு நான். எனக்கு அப்போதே சோடாப்புட்டிக் கண்ணாடி. வேறு வேடம் கிடைக்க வழியில்லை. கரும்பலகை தெரியாத நான் சுவருக்குள்ளால் பார்த்தேன். இருவரையும் எங்கள் ஊருக்கே கூட்டிவந்துவிட்டோம். சால்வையனின் சால்வை வாவியில் யாருடைய வலையிலோ சிக்கிக் கிழிந்தது. எங்கள் வீட்டு மீன்குழம்பைத் தின்று கண்ணாடியனுக்கு மூக்கு ஒழுகியது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்த நாட்கள் அவை.

பிறகு யுத்தம் வந்து நாடு கெட்டது. ஒரு நாள் வாப்பா வழக்கம்போலப் பெட்டரியைக் கரியரில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. யார் பிடித்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொன்னார்கள், அவர்கள் பக்கத்தில் இன்னொரு கதை சொன்னார்கள். சிபாயாவின் உம்மா போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை.

டிவிக்குத் துணி போர்த்திவிட்டார்கள். ஆனால் எங்கள் கதை நிற்கவில்லை. சிபாயா அதை வேறு பக்கம் திருப்பினாள். சால்வையனால் பறக்க முடியும், ஆனால் ஆள் எங்கே என்று தெரியாது. கண்ணாடியனுக்குத் தெரியும், ஆனால் தூக்கிவர முடியாது. இருவரும் சேர்ந்தால் வாப்பாவைக் கொண்டுவந்துவிடலாம். ஒவ்வொரு பின்னேரமும் அவள் வந்து நிற்பாள். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்ப்பேன். ஒரு பெரிய கட்டடம் தெரியுது, உள்ளுக்கு இருக்காரு, சோறு திண்டுட்டு இருக்காரு என்று சொல்வேன்.

"என்ன கறி?" என்று கேட்பாள் சிபாயா.

நான் ஒவ்வொரு நாளும் ஒரு கறி சொல்வேன். சால்வையன் பறப்பான், கதவை உடைப்பான், வாப்பாவின் கையைப் பிடிப்பான். அதோடு கதை நின்றுவிடும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பிடிபட்ட ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லையே. அடுத்த நாள் திரும்பவும் கட்டடத்தில் இருந்து தொடங்குவோம்.

கொழும்பில் படித்துக்கொண்டிருந்த அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், செய்தி கேட்டு வந்திருந்தார். நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். இரண்டும் வேறு வேறு படம், வேறு வேறு ஆட்கள் எடுத்தது, அவனை இவனுக்குத் தெரியாது, சந்திக்கவும் மாட்டார்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அழுதழுது அவருக்கும் கண் வீங்கித்தான் இருந்தது.

சிபாயா அவரையே பார்த்தாள். "அப்ப வாப்பாவ ஆரு கூட்டிட்டு வாற?"

காக்கா போய்க் கிணற்றுக்கட்டில் குந்திவிட்டார். அன்றோடு எங்கள் கதை முடிந்தது. கொஞ்ச நாளில் இரண்டு ஊருக்கும் இடையிலேயே வெட்டுக்குத்து வந்தது. ஒழுங்கைக்குக் குறுக்கே முள்ளுக்கம்பி வந்தது. அங்கேயும் செத்தார்கள், இங்கேயும் செத்தார்கள். நாங்கள் வீட்டை விட்டுக் கல்லடிப் பக்கம் போய்விட்டோம், எத்தனையோ வருடம் நான் அவளைக் காணவில்லை.

கராஜில் இருந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் படங்களைப் போனில் தேடிப் பார்த்தேன். இருக்கின்றன, இரண்டுமே. காக்கா சொன்னது சரிதான், ஒருவனுக்கு மற்றவன் இருப்பதே தெரியாது. சமையலையும் அப்படியே போட்டுவிட்டு, பார்க்காத முடிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அட்டையில் செய்த வீடு, சாயம் அடித்த வானம். எல்லா முடிவிலும் பிடிபட்டவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வாசலில் கட்டிப்பிடிக்கிறார்கள், பகிடி விட்டுச் சிரிக்கிறார்கள். நான் விம்மி விம்மி அழுதேன்.

சிபாயாவின் நம்பர் என்னிடம் இருந்தது. முன்பு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நிற்கும்போது கண்டு வாங்கியது. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புவதோடு சரி. அன்றைக்கு மனம் கேட்காமல் கோல் எடுத்துவிட்டேன். முடிவெல்லாம் கிடைத்திருக்கிறது, அனுப்பவா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். உம்மா மவுத்தாகும் வரைக்கும், கண்ணை மூடும் வரைக்கும், வாசல் கதவுக்குக் கொண்டி போட விடவில்லையாம். ஒழுங்கை இருந்த இடத்தில் இப்போது பெரிய மதிலாம், அந்த வீட்டையும் உடைத்து மாடி கட்டிவிட்டார்களாம். காக்கா உம்மாவின் கபுறடிக்கு, புதைத்த இடத்துக்கு, போய் வருவாராம். வாப்பாவுக்கென்று அப்படிப் போக ஓர் இடமில்லை.

"தொழுதுட்டு உம்மாவுக்குத் துஆக் கேப்பன். மவுத்தானவங்களுக்குக் கேக்கிற மாதிரி. உசிரோட இருக்கிறவங்களுக்குக் கேக்கிற வேற" என்றாள். "வாப்பாவுக்குக் கேக்கக்குள்ள மட்டும், அவர எந்தப் பக்கத்தில சேர்க்கிற எண்டு எனக்கு இன்னும் தெரியா."