அடுப்புக்குள் நீட்டிய கை

நம்பாதவர்கள் தாராளமாக நம்ப வேண்டாம். புளுகுவதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அருப்புக்கோட்டையில், எண்பத்தொன்பதில், பட்டப்பகலில் நடந்தது இது.

அடுப்புக் கொத்தனார் பால்பாண்டி மனிதர்களையே மதிக்காதவர், பேயையா மதிப்பார்? அதிலும் சாயப்பட்டறை முதலாளி சங்கரபாண்டியன் என்றால் அவருக்குத் தனி இளக்காரம். அடுப்புக்குள் கம்பிகள் வளைந்து, செங்கல் பொரிந்து உதிரும் வரை கருவேல விறகைத் திணித்துவிட்டு, "நூலுல சாயம் ஏறலப்பா" என்று புலம்புகிற ஆள் அவர். எச்சில் கையால் காக்கை விரட்டமாட்டார். நல்ல நேரம் பார்ப்பதில் மட்டும் குறை வைக்கமாட்டார்.

ஆள் நுழைகிற அளவு பெரிய அடுப்பு அது. உள்ளே வேலை நடந்தால் கொத்தனார் தன் சட்டையை அடுப்பு வாயில் தொங்கவிடுவார். சட்டை தொங்கினால் தீ வைக்கக் கூடாது. உள்ளே இருப்பவனின் உயிருக்கு அந்தச் சட்டைதான் காவல்.

வெள்ளிக்கிழமை காலை. பால்பாண்டி சட்டையை மாட்டிவிட்டு உள்ளே தவழ்ந்தார். இற்றுப்போன கம்பிகளை உருவிப் புதியவற்றைப் பொருத்தினார். பக்கச்சுவருக்குச் செங்கல் வேண்டும். வெளியே நின்ற கையாள் மாரிச்செல்வம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். திரும்பாமலே கையை நீட்டினார்.

"வெரசாக் குடுலே, சோம்பேறிப் பயலே."

கல் வந்தது. பூசினார். அடுத்த கல்லும் வந்தது.

கல் சுட்டது...

இரண்டு நாளாக அணைந்து கிடந்த அடுப்பு. கல்லோ வெளியே நிழலில் கிடந்தது.

"வெயில்லயா போட்டு வச்ச?"

உர்ர்ர்... கம்பி மேல் எதையோ இழுக்கும் சத்தம்.

அப்போதுதான் உறைத்தது. வாசல் இடப்பக்கம். கல் வந்தது வலப்பக்கமிருந்து.

அங்கே வெறும் பின்சுவர்.

கையில் விரல்கள் பட்டன. நகமே இல்லை...

"வெளிய போயிரு," என்றது குரல். "சட்டைய எடுத்துட்டாக."

பால்பாண்டி எப்படித் தவழ்ந்தார் என்று அவருக்கே தெரியாது. தலையை வெளியே நீட்டினால், சங்கரபாண்டியன் எரியும் கற்பூரத் தட்டோடு நின்றார். அடுப்பு வாயில் சந்தனம், குங்குமம். விறகில் மண்ணெண்ணெய். சட்டை சாம்பல் மேட்டில் கிடந்தது.

"பத்தரைக்கு ராகு காலம்ப்பா. பூசை நேரத்துல வேர்வைச் சட்டை எதுக்குன்னு தூக்கிப் போட்டேன். நீ டீ குடிக்கப் போயிட்டேன்னு நெனச்சேன்," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

டீ குடிக்கப் போயிருந்தவன் மாரிச்செல்வம். அப்போதுதான் தெருவில் வந்துகொண்டிருந்தான். வெளியே செங்கல் அடுக்கியபடியே இருந்தது. ஒரு கல் குறையவில்லை.

அதன்பின் பால்பாண்டி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மறுவருடம் சங்கரபாண்டியன் செத்த பிறகு, பட்டறையை வாங்கியவர்கள் அடுப்பின் பின்சுவரை இடித்தார்கள். சுவருக்குப் பின்னால் ஓர் ஆள் குந்தும் அளவு இடம். கரிந்த எலும்புகள். கூடவே ஒரு கொத்துக்கரண்டி, அதன் இரும்பில் வெட்டிய பெயரும் ஊரும்: ராமசுப்பு, பரளச்சி.

பால்பாண்டிக்கு முன் அந்த அடுப்பைப் பார்த்துவந்த கொத்தனார் ராமசுப்பு எவளையோ கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று அவன் மனைவி ராக்கம்மாளிடம் வீடு தேடிப்போய்ச் சொன்னவர் சங்கரபாண்டியன். அவளும் நம்பி, நாலு வருடமாகப் புருஷனை மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள்.